ஏங்கண்ணு

உக்காரு கண்ணு, உக்காரு. அந்தப் பை என்றதுதான், மடியில எடுத்து வெச்சுக்கறேன். நீ வரிசையில நின்னுட்டே போன்ல 'பஸ் ஏறப்போறேம்மா'ன்னு சொன்னயே, அப்பவே நம்ம புள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு. எடிசன்லதான எறங்கற? நானும் அங்கதான். டன்னலுக்குள்ள பூந்துட்டா போன் எடுக்காது. சித்த நேரம் பேசீட்டுப் போலாம்.

கச்சாயம் திங்கறயா? அரிசி மாவும் வெல்லமும் கலந்து எண்ணெயில சுட்டது. பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு நோம்பின்னா இதுதான். நேத்து உக்காந்து சுட்டேன். ஒருத்திக்குக் குடுக்கலாம்னு கொண்டு போனேன், குடுக்கல. அது ஒரு கதை. நீ எடுத்துக்க.

அதென்ன கையில? அட, நாடகத்துக்கா போயிருந்த? அட்டையில சிரிக்கறாளே, இவளைப் பாக்கறதுக்கா? நானும் அதே மத்தியான ஆட்டத்துக்குப் போயிப்போட்டுத்தான் வர்றேன். நீ எங்க உக்காந்திருந்த, மாடியிலயா? நான் முன்னால. மொத வரிசை. டிக்கெட்டு அவளே அனுப்பிச்சது. நான் கேக்கல.

அழுதயா? கண்ணு செவந்திருக்குது. எல்லாரும்தான் அழுதாங்க. என்ற பக்கத்துல உக்காந்திருந்த வெள்ளைக்காரன், இவ்வளவு பெரிய ஆளு, மூக்கைச் சீந்திச் சீந்தி ஒரு வழி பண்ணிப்போட்டான். நான் அழுகல. எனக்கு ஏசி ஒத்துக்காது, தண்ணியா வடியும். அது வேற.

அவளை எனக்குத் தெரியுமாவா? நல்லாக் கேட்ட போ. கடைசியில திரை எறங்கறதுக்கு முன்னால அவ முன்னால வந்து நின்னு ஒரு சொல்லு சொன்னாளே, அத்தனை பேரும் எந்திரிச்சுத் திருப்பிச் சொன்னாங்களே, வெள்ளைக்காரங்க, கறுப்பருங்க, சீனாக்காரங்க, எல்லாரும். 'ஏங்கண்ணு'. நீயும் சொல்லீருப்ப. சொன்னயா இல்லையா? அந்தச் சொல்லு என்றது.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். அவ மாயவரத்துக்காரி. அபயாம்பாள்னு பேரு, இங்க வந்து அபயாவாயிட்டா. மாயவரத்துல எவளாச்சும் 'ஏங்கண்ணு'ம்பாளா? கண்ணும்பாங்க, கண்ணம்மாம்பாங்க. அது வேற. 'ஏங்கண்ணு'ங்கறது எங்க பக்கத்துச் சொல்லு. ஏன்னு கேக்கறதில்ல அது. மூஞ்சி ஏன் வாடியிருக்குது, சாப்பிட்டயா, ஒடம்புக்கு என்ன, ஆரு என்ன சொன்னாங்க, எதா இருந்தாலும் நான் இருக்கறேன், எல்லாத்தையும் ஒரே வாயில கேக்கறது. நீ மெட்ராசு, உனக்கு எங்க தெரியப்போகுது.

என்ற பேரு தெய்வாத்தாள். வெள்ளைக்காரங்களுக்கு அது வாயில வராது. லைப்ரரில வேலைக்குச் சேந்தன்னைக்கு அங்கிருந்த பெரியம்மா டெய்வா, டைவான்னு உருட்டிப் பாத்துப்போட்டு, கடைசியில டீவான்னு வெச்சுப்போட்டா. அதுவே நின்னுபோச்சு. என்ற மகன் பெரியவனானதுக்கப்பறம் சொன்னான், அம்மா, தலைக்கனம் புடிச்ச பெரிய நடிகையை டீவாம்பாங்கன்னு. சொன்னாச் சொல்லீட்டுப் போகட்டும். நான் நடிகைதான?

ஆமா. நாங்க வந்த புதுசுல இங்க தமிழ்ச் சங்கம்னா பொங்கலுக்கு ஒரு நாடகம். ஹைஸ்கூல் ஹாலை வாடகைக்குப் புடிச்சுப் போடுவாங்க. டாக்டர் மாசிலாமணின்னு ஒருத்தர், பல் டாக்டரு, அவரே எழுதி அவரே நடத்துவாரு. வருசா வருசம் நாந்தான் அம்மா வேசம். கதாநாயகிக்கு அம்மா. கதாநாயகியவிட அம்மாவுக்குத்தான் வசனம் எச்சு. எங்கூட்டுக்காரரு கூட கேலி பண்ணுவாரு, வீட்ல பேசறது பத்தாதான்னு.

அந்த வருசந்தான் இவ வந்தா. இவ வீட்டுக்காரரும் எங்கூட்டுக்காரரும் ஒரே கம்பெனி. பனி கொட்டீட்டிருந்துது, ஒரு செருப்பைப் போட்டுட்டு என்ற வீட்டு வாசல்ல வந்து நின்னா. வாயத் தொறந்தா காத்துத்தான் வரும். அவ்வளவு பயம். பாவமேன்னு உள்ள கூப்பிட்டு, கோட்டுக் குடுத்து, பூட்ஸு குடுத்து, சோறு போட்டு, நாந்தான் கண்ணு எல்லாம். அப்பறம் அவ தெனமும் வந்துருவா. என்ற சமையக்கட்டுல ஒரு முக்காலி இருந்துச்சு, அதுல உக்காந்துட்டு நான் பேசறதையே வாயப் பாத்துட்டு இருப்பா. ஒரு மார்கழி பூரா அப்புடித்தான். நான் அதைப் பாசம்னு நெனச்சுப்போட்டேன். அவ படிச்சுட்டிருந்திருக்கறா.

நாந்தான் டாக்டர்கிட்டச் சொல்லி அவளுக்கு நாடகத்துல வேசம் வாங்கிக் குடுத்தேன். வேலைக்காரி வேசம். காப்பித் தட்டைத் தூக்கீட்டு வரோணும், வெக்கோணும், போகோணும். வசனம் கெடையாது.

அன்னைக்கு மேடைக்குப் பின்னால நின்னு அழுகறா. முடியாதுக்கா, வாந்தி வருதுக்காங்கறா. நான் என்ன பண்ணேன்? 'ஏங்கண்ணு, ஏன் பயப்படற'ன்னு மூஞ்சிய ரெண்டு கையாலயும் வழிச்சு, என்ற நெத்திப்பொட்டுல வெச்சு நெட்டி முறிச்சேன். உங்க வீட்டுலயும் பண்ணுவாங்களே, கண்ணு கழிக்கறதுக்கு. எவ்வளவு நெட்டி விழுகுதோ அவ்வளவு கண்ணு பட்டிருக்குதுன்னு அர்த்தம். அன்னைக்கு ரெண்டே விரல்தான் விழுந்துச்சு. காப்பித் தட்டுத் தூக்கறவ மேல ஆரு கண்ணு வெக்கப்போறா?

அதையும் அவ எடுத்துக்கிட்டா. டிவியில பாத்திருப்பயே, மூஞ்சிய வழிச்சு நெட்டி முறிக்கறாளே. அதுவும் என்றதுதான். ஒரே நாள்ல ரெண்டையும் குடுத்தேன்.

சரி, நாடகத்துக்கு வர்றேன். டாக்டரு ஒரு கண்டிசன் போட்டிருந்தாரு. தெய்வா, கோயமுத்தூர்ப் பேச்செல்லாம் வேண்டாம், மேடையில நல்ல தமிழ்தான் பேசணும்ன்னாரு. நானும் கண்ணாடி முன்னால நின்னு நின்னு பழகீட்டேன். 'என் அருமை மகளே, உன் மதி முகம் வாடியிருக்கும் காரணம் யாதோ?' அதான் வசனம். மக சோபாவுல உக்காந்து அழுதுட்டிருக்கறா, நான் உள்ள வந்து சொல்லோணும்.

வந்தேன். மகளைப் பாத்தேன். நிறுத்துனேன்.

மறந்துட்டேன்னு இன்னைக்கும் சங்கத்துல சொல்லீட்டுத் திரியறாங்க. நான் மறக்கல கண்ணு. நாடகத்துல நிறுத்தறதுன்னு ஒண்ணு இருக்குது. சனங்க மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறப்ப சொன்னாத்தான் அந்த வசனத்துக்கு மருவாதி. டாக்டரு சைடுல இருந்து 'என் அருமை, என் அருமை'ன்னு கத்துனாரு. எனக்குக் காது கேக்காதா? கேட்டுச்சு. வேணும்னுதான் நின்னேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நின்னேன்.

அதுக்குள்ள இவ வந்துட்டா. தட்டோட. தட்டை வெச்சுப்போட்டுப் போகவேண்டியவதான? போகல. என்ற மூஞ்சியப் பாத்தா. அப்பறம் அந்தப் புள்ளைகிட்டப் போயி, தாடையைத் தொட்டு, 'ஏங்கண்ணு?'ங்கறா.

என்ற குரல்ல! என்ற இழுவையில! அந்தக் 'கண்ணு'வைக் கடைசியில கொஞ்சம் மேல தூக்கி வுடுவேன், அது உட்பட!

ஹாலே எந்திரிச்சுப்போச்சு. கை தட்டுனாங்க, விசிலடிச்சாங்க. அவனவன் வீட்டை வுட்டு இத்தனை தூரம் வந்து பனியில கெடக்கறான், ஒருத்தி 'ஏங்கண்ணு'ன்னு கேட்டா அழுகாம என்ன பண்ணுவான்? நான் அங்கயே நிக்கறேன். என்ற மேடை, என்ற மக, என்ற சொல்லு. எனக்கு அப்புடியே வயிறு... எரிஞ்சுதுன்னு சொல்லமாட்டேன். பொறாமையெல்லாம் எனக்கு ஆகாது. சூடாச்சு. அவ்வளவுதான்.

உள்ள வந்து என்ற கையப் புடிச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க பாவமா நின்னீங்க, எனக்கு வேற ஒண்ணும் தோணலை'ங்கறா. பாவமா நின்னேனாம். நானு!

அந்த ஹாலுக்குச் சாவி வெச்சிருந்தது ஒரு வெள்ளைக்காரம்மா. அந்த ஸ்கூல்ல நாடகம் சொல்லிக் குடுக்கறவ. எப்ப முடியும், எப்பப் பூட்டலாம்னு பின்னால உக்காந்திருந்தா. அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. முடிஞ்சதும் நேரா வந்தா. நான் பூங்கொத்தை வாங்கறதுக்குக் கை நீட்டீட்டு நிக்கறேன். என்னையத் தாண்டிப் போயி, 'காப்பி கொண்டு வந்த பொண்ணு எங்கே?'ங்கறா. அன்னைக்குப் போனவதான் கண்ணு அபயா. திரும்பி வரவே இல்ல.

அதிர்ஷ்டம். வேறென்ன சொல்றது? சும்மா வந்து ஒட்டிக்கிச்சு. மொதல்ல அந்தம்மாவோட ஊர் நாடகத்துல கூட்டத்துல ஒருத்தியா நின்னா. அப்பறம் இதே பஸ்ஸுல தெனமும் நியூயார்க் போயி, பகல்ல ஓட்டல்ல தட்டுக் கழுவீட்டுப் பொழுது சாஞ்சா நடிச்சா. அப்பறம் ஒரு வேனுல பத்துப் பேரோட ஊர் ஊராப் போயி, பனியில வண்டி நின்னா எறங்கித் தள்ளி, ஸ்கூலு ஸ்கூலா ஆடுனா. வீட்டுக்காரரு, இது நமக்குச் சரிப்படாதுன்னு இவளை வுட்டுப்போட்டு ஊருக்குப் போயிட்டாரு. அதுக்கும் அழுகல அவ, மறுநா ஆட்டம் இருக்குதுன்னு போயிட்டா. வெகு வருசம் வேலைக்காரி வேசந்தான். அப்பறம் மளிகைக் கடைக்காரி, நர்ஸு, பேயி. தலைவலி மாத்தரை வெளம்பரத்துல வந்தா. சினிமாவுல செத்துக் கெடந்தா, ரெண்டு நிமிசம். எனக்கும் அந்த அதிர்ஷ்டம் இருந்திருந்தா எங்கயோ போயிருப்பேன்.

இல்ல, நான் அவளோடதெல்லாம் பாக்கறதில்ல. எனக்கு எங்க நேரம்? டிவியில வந்த அந்த இங்கிலீசு சீரியலையும் நான் பாக்கல. அதுதான் அவளைத் தூக்கி வுட்டது. மாடி வீட்டு மாமி வேசம். கீழ் வீட்டுப் பசங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எறங்கி வந்து 'ஏங்கண்ணு?'ம்பா. அந்தப் பையன் வேலை போயிப் படிக்கட்டுல உக்காந்திருந்த அன்னைக்கு அரக்குச் சேலை, பச்சைக் கரை கட்டீட்டு வந்தா பாரு, அதே சேலை எங்கிட்ட இருக்குது. அன்னைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. அந்தக் 'கண்ணு' சரியா மேல ஏறல. மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பாக்கல, யாரோ போட்டு வெச்சிருந்தாங்க, காதுல வுழுந்துச்சு.

ஊரெல்லாம் 'யென் கானு, யென் கானு'ன்னாங்க. பனியன்ல அச்சடிச்சு வித்தாங்க கண்ணு! என்ற பேத்தி ஒண்ணை மாட்டீட்டு வந்து நின்னா. நான் 'ஏங்கண்ணு, இதென்ன கருமம்'னேன். அவ சிரிக்கறா. 'அப்பத்தா, நீ அப்புடியே அபயா மாதிரியே பேசற!'ங்கறா.

பொறு. இதைவிடப் பெருசு இருக்குது. இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல, எங்கூட்டுக்காரரு சாகற வரைக்கும் அவருக்கே சொல்லல.

அந்த சீரியல்ல மாடி வீட்டு மாமிக்கு ஒரு அக்கா வர்ற மாதிரி எழுதுனாங்க. இவ போன் பண்ணா. 'அக்கா, நீங்க வாங்க, நான் சொல்லி வெச்சிருக்கேன், நீங்கதான் செய்யணும்'னா. வேண்டாம்னேன். மறுக்கா பண்ணா. செரி, இவ்வளவு தூரம் கெஞ்சறாளேன்னு போனேன். அவளே காரு ஓட்டீட்டு வந்து கூட்டீட்டுப் போனா. அன்னைக்கு நான் கட்டீருந்தது அந்த அரக்குச் சேலைதான்.

ஒரு ரூமு. மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேரு. நான் டாக்டர் மாசிலாமணி வசனத்தைச் சொன்னேன், மதி முகம் வாடியிருக்கும் காரணம் யாதோன்னு, கையெல்லாம் நீட்டி. அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒரு பொண்ணு சொன்னா, இப்புடி வேண்டாம்மா, உங்க சமையக்கட்டுல நீங்க எப்புடிப் பேசுவீங்களோ அப்புடிப் பேசுங்கன்னு. அவ்வளவுதான? என்ற சமையக்கட்டுல நான் எப்புடிப் பேசுவேன்? அந்தப் பொண்ணையே பாத்து, 'ஏங்கண்ணு?'ன்னேன்.

அவங்க முகத்துல சிரிப்பு. டைரக்டரு சொல்றான் கண்ணு, 'அற்புதம். அபயாவை அப்படியே காப்பி அடிக்கிறீங்க. ஆனா எங்களுக்கு ஏற்கெனவே ஒரு அபயா இருக்காங்க. உங்களோடது ஏதாவது செஞ்சு காட்டுங்களேன்.'

என்றது ஏதாச்சும்.

நான் நின்னேன். எனக்கு ஒண்ணும் வரல. அன்னைக்கு நான் நிறுத்தல கண்ணு. அன்னைக்கு நெசமாவே ஒண்ணும் வரல. பையை எடுத்துட்டு வெளிய வந்துட்டேன். அவ வாசல்ல நின்னுட்டிருந்தா, என்னாச்சுக்கான்னா. பேசல. வீடு வர்ற வரைக்கும் ஜன்னலையே பாத்துட்டு வந்தேன். இவதான் உள்ள ஏதோ சொல்லி வெச்சிருக்கோணும்னு அப்பவே முடிவு பண்ணீட்டேன். இல்லாட்டி அவனுக்கு எப்புடி அந்த வார்த்தை வரும்?

அதோட சரி. பொங்கலானா அவ போன் பண்ணுவா. ம், இருக்கறேன், ம், நல்லாருக்கறேன், வெக்கட்டுமா, அவ்வளவுதான். அவளுக்கு விருது குடுத்த அன்னைக்கு டிவியில ஒருத்தன் கேட்டான், இந்தச் சொல்லு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு. நான் கரண்டியக் கையில புடிச்சுட்டு நிக்கறேன். சொல்லு அபயா, சொல்லு, தெய்வாத்தாள்னு ஒரு தடவை சொல்லு. அவ சிரிச்சுப்போட்டு, 'ஒரு சமையக்கட்டுல கெடச்சுது'ன்னா. சமையக்கட்டுலயாம். அங்க நின்னு சோறு வடிச்சவளுக்குப் பேரு இல்லையா? அடுப்புல கொழம்பு அடி புடிச்சுப்போச்சு. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

இப்ப இந்தக் கடைசி நாடகம். முட்டி போயிருச்சு, காதும் சரியாக் கேக்கறதில்ல, போதும்னு நிறுத்தறா. போன வாரம் போன். 'அக்கா, கடைசி ஆட்டம். நீங்க வரணும். ஆட்டத்துக்கு முன்னாடி உள்ள வந்து, மொத நாள் பண்ணுனீங்களே, அதே மாதிரி ஒரு தடவை எனக்கு நெட்டி முறிச்சு வுடணும்'ங்கறா.

நான் யோசிச்சேன். போலாமா வேண்டாமான்னு இல்ல. போனா என்ன கேக்கறதுன்னு. ஒரே ஒரு விசயம் கேட்டுப்போடோணும். இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அத்தனை பேர் முன்னால, இது தெய்வாத்தாளோட சொல்லுன்னு சொல்லிப்போடு. அவ்வளவுதான். எனக்கும் வயசாயிப்போச்சு. அவ பேரோட அந்தச் சொல்லு ஒட்டிப்போச்சு, நான் 'ஏங்கண்ணு'ன்னு கூப்பிடற ஒவ்வொரு தடவையும் எனக்கே அவ ஞாபகந்தான் வருது. என்ற வாயில இருக்கற சொல்லு எனக்கு வேணும் கண்ணு. சொன்னான்னா கச்சாயம் குடுக்கறது. சொல்லாட்டி டப்பாவைத் தொறக்கறதே இல்ல. கண்ணாடி முன்னால நின்னு நாலு நாளு பேசிப் பழகீட்டுத்தான் போனேன்.

பின்வாசல்ல ஒரு தடியன் நின்னுட்டிருந்தான். பேரு என்னன்னான். டீவான்னேன். அவன் அப்புடியே வாயப் பொளந்துட்டான். 'அந்த டீவாவா?'ங்கறான். உள்ள பாத்துக் கத்தறான், 'டீவா வந்திருக்காங்க!'ன்னு. எங்கிருந்தோ ஓடி வர்றாங்க. பாதி வேசத்தோட, ஒட்டு மீசையோட, தலையில வலை மாட்டீட்டு. எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. ஒரு கறுப்பினப் பொண்ணு என்ற கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறா. அவதான் சொன்னா. அபயா இருக்கற கம்பெனியில ஆட்டத்துக்கு முன்னால எல்லாரும் வட்டமா நிக்கோணுமாம். பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சிய வழிச்சு நெட்டி முறிக்கோணுமாம். அதுக்குப் பேரு என்ன தெரியுமா? 'டீவா' போடறதாம். 'டீவா போட்டாச்சா?'ன்னு கேட்டுட்டுத்தான் திரையே தூக்குவாங்களாம். அந்த வேன் நாடகக் காலத்துல இருந்து, எந்த ஊரானாலும், எந்த மேடையானாலும்.

பாத்தயா அவ வேலைய? நாப்பது வருசமா, மூஞ்சி தெரியாத ஆளுங்களையெல்லாம் வுட்டு என்ற பேரைச் சொல்லிக் கேலி பண்ண வெச்சிருக்கறா. டீவான்னா தலைக்கனம் புடிச்சவதான? அந்தக் கோவத்தோடதான் அவ ரூமுக்குள்ள போனேன்.

கண்ணாடி முன்னால உக்காந்திருந்தா. டோப்பா இன்னும் வெக்கல. முடியெல்லாம் கொட்டிப்போயி, கழுத்தெல்லாம் சுருங்கி, இக்குணூண்டு ஆயிட்டா கண்ணு. அந்தச் செருப்போட வாசல்ல நின்னாளே, அதே அளவு. 'வாங்கக்கா'ன்னு எந்திரிக்கப் பாத்தா, முடியல. எல்லாரும் வாசல்ல நின்னு பாக்கறாங்க. 'கச்சாயம் வாசம் வருதே?'ன்னா. இல்லயேன்னேன்.

கேக்கோணும்னு வாயத் தொறந்தேன். 'அபயா'ன்னேன். அதுக்கு மேல... நிறுத்துனேன். வேணும்னுதான். அந்த வசனத்துக்கு ஒரு மருவாதி வேணுமல்ல? நிறுத்தி, அவ மூஞ்சியப் பாத்தேன். அவளும் பாத்தா. அந்த மொத நாளு தட்டோட வந்து பாத்தாளே, அதே மாதிரி. அப்பறம் கையத் தூக்கி என்ற தாடையத் தொட்டு, மெதுவா, 'ஏங்கண்ணு?'ங்கறா.

என்னையப் பாத்து! நான் வயசுல மூத்தவ! அக்கான்னு கூப்பிட்ட வாயில கண்ணுங்கறா! இந்த நாப்பது வருசத்துல என்னைய ஆரும் அப்புடிக் கேட்டதில்ல. கேட்டதில்லைன்னா, மருவாதியில்லாம ஆரும் கூப்பிட்டதில்லைன்னு சொல்றேன். எனக்குக் கண்ணு தண்ணியா வடியுது. அங்கயும் ஏசி.

சரி, வந்த வேலையப் பாப்போம்னு ரெண்டு கையாலயும் அவ மூஞ்சிய வழிச்சேன். என்ற நெத்திப்பொட்டுல வெச்சு அழுத்துனேன்.

விழுந்துச்சு பாரு கண்ணு. மடமடமடன்னு. ஒரு விரல் பாக்கியில்ல. என்ற விரலுக்கு மூட்டுவாதம், ஒரு டப்பா மூடியத் திருக முடியாது. அத்தனையும் விழுந்துச்சு. வாசல்ல நின்னவங்க ஓன்னு கத்திக் கை தட்டறாங்க. நான் பயந்தே போயிட்டேன்.

அவ கண்ணுல தண்ணி வழியுது, சிரிக்கறா. 'எல்லாம் போச்சுக்கா'ங்கறா. அப்பறம் என்ற ரெண்டு கையையும் புடிச்சு அவ மடியில வெச்சுக்கிட்டு, 'இப்ப உங்களுக்கு லேசா இருக்குதா?'ன்னு கேட்டா.

எனக்கு எதுக்கு லேசாகோணும்? கண்ணு பட்டது அவளுக்கு. கழிச்சது நானு. காது கேக்காம மாத்திக் கேட்டுப்போட்டாளோ என்னமோ. அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க, நான் வந்து உக்காந்துட்டேன். சொல்லைக் கேக்கவே இல்ல. மறந்துட்டேன். இல்ல, மறக்கல, சரி போகட்டும்னு வுட்டுப்போட்டேன்.

டன்னல் முடிஞ்சுபோச்சு பாரு, வெளிச்சம் வந்துருச்சு. இன்னொரு கச்சாயம் எடுத்துக்க, அத்தனையும் நான் என்ன பண்ணப்போறேன்.

விரல்தான் இன்னும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. நானும் எத்தனையோ பேருக்கு முறிச்சிருக்கறேன், இப்புடி விழுந்ததே இல்ல. ஒரு நாள், ரெண்டு நாள் பாத்த கண்ணு இல்ல அது. ஆரோ ஒருத்தி உக்காந்த எடத்துல இருந்து, வருசக் கணக்கா, அவ போற எடமெல்லாம் பின்னாலயே பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சிருக்கறா. பாவி. ஒரு மனுசிமேல அத்தனை கண்ணு வெக்க அவளுக்கு எப்புடித்தான் மனசு வந்துச்சோ.

ஏங்கண்ணு, ஆரா இருக்கும்ங்கற?